பட்டறை நீரைக் கொட்டும் முன் ஒரு துளியைச் சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோயம்புத்தூரில் செல்வபுரம், சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை போன்ற பகுதிகளில் வீட்டின் பின்கட்டையோ மாடியையோ பட்டறையாக்கிக்கொண்டு பொன், வெள்ளி வேலை செய்யும் குடும்பங்கள் ஏராளம். அரப்பொடி, மெருகுத் தூள், பட்டறையைக் கூட்டிய குப்பை, உடைந்த பழைய நகை ஆகியவற்றை வெளியாரிடம் கொடுக்காமல், தாங்களே அமிலத்தில் கரைத்துச் சுத்தப் பொன்னாக மீட்டுக்கொள்ளும் வழக்கம் அவர்களில் பலரிடம் உண்டு. பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்து, கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இத்தொழிலைப் பட்டறையின் பக்கமிருந்தும் ஆய்வகத்தின் பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன். அமிலத்துக்கும் குடுவைக்கும் மூசைக்கும் உலைக்கும் தயங்காமல் செலவு செய்கிற நம் தொழிலாளர்கள், நீருக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் சோதனைக் கரைசலை மட்டும் பொருட்படுத்துவதில்லை. அதனால் பொன்னையும் இழக்கிறார்கள், உடல்நலத்தையும் இழக்கிறார்கள். இதைப் பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

திடப்பொருளாக இருக்கும் பொன்னின் மாற்றை, அதாவது தூய்மை அளவை, அறிய நமக்கு வழிகள் பல இருக்கின்றன. உரைகல் தலைமுறை தலைமுறையாக நம் கையில் இருக்கிறது. எக்ஸ் கதிர்க் கருவி இப்போது கடைவீதி தோறும் வந்துவிட்டது. 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட பிறகு, மதிப்பீட்டு மையங்களும் பெருகியுள்ளன. ஆனால் அதே பொன், பொன்னையும் கரைக்கும் அமிலக் கலவையான இராஜ திராவகத்தில் கரைந்து நீராகிவிட்டால், இவற்றில் எதுவும் பட்டறைக்காரருக்கு உதவுவதில்லை. அவர் கண்ணை மட்டும் நம்புகிறார். மஞ்சளாக இருந்தால் பொன் இருக்கிறது, பச்சையாகவோ நிறமற்றோ இருந்தால் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார். இந்த முடிவு பெரும்பாலும் தவறாகவே அமைகிறது. 22 காரட் நகையில் கலந்திருக்கும் செம்பு கரைந்தால் நீர் பச்சையாகிவிடும்; அந்தப் பச்சைக்குள் பொன்னின் மஞ்சள் தெரியாது. இரும்பு கலந்திருந்தால் பொன்னே இல்லாத நீரும் மஞ்சளாகத் தோன்றும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் பொன் கரைந்துள்ள நீர், கண்ணுக்கு ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான். அத்தகைய நீரை 20 லிட்டர் சாக்கடையில் கொட்டினால், ஒரு கிராம் பொன்னைக் கொட்டியதாகும். சேதாரத்தில் பத்து மில்லி, இருபது மில்லி (மில்லிகிராமைத் தொழிலில் இப்படிச் சொல்வோம்) என்று கணக்குப் பார்க்கிற தொழிலில் இந்த இழப்பு யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

கரைந்த பொன்னைக் காட்டிக்கொடுப்பது, வெள்ளீயத்தின் உப்பான ஸ்டானஸ் குளோரைடின் கரைசல். பொன் கரைந்த நீரில் ஒரு துளியை வடிதாளிலோ பஞ்சு சுற்றிய குச்சியிலோ எடுத்து, அதன்மேல் இக்கரைசலில் ஒரு துளியை இட்டால் ஊதா நிறம் தோன்றும். பொன் மிகுதியாக இருந்தால் ஊதா கருத்து, ஏறத்தாழ கறுப்பாகவே ஆகிவிடும். லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிட்ட நீரிலும் மெல்லிய ஊதாச் சாயலைக் காணலாம். இந்த ஊதா புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆந்திரேயாஸ் காசியஸ் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் அது 'காசியஸ் ஊதா' என்று அழைக்கப்பட்டு, பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் நிறம் ஏற்றப் பயன்பட்டது. வெள்ளீயத்தின் ஆக்சைடின் மேல் ஒட்டிக்கொண்ட மிக நுண்ணிய பொன் துகள்களே அந்த நிறத்துக்குக் காரணம் என்பதை விளக்கியவர்களுள் முதன்மையானவர் ரிச்சர்ட் சிக்மோண்டி. கூழ்மங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1925ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசைப் பெற்றவர் அவர். இத்தனை நம்பகமான வேதிவினை, ஒரு வேளை உணவுக்கு ஆகும் செலவில் நம் பட்டறைக்கு வந்துவிடும்.

தயாரிப்பதும் கடினமன்று. ஒரு கிராம் ஸ்டானஸ் குளோரைடு படிகத்தை 5 மில்லிலிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, 25 மில்லிலிட்டர் வாலைவடிநீர் சேர்த்தால் போதும். படிகம் கிடைக்காத இடத்தில், சுத்தமான வெள்ளீயத்தைச் சீவி ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் மெதுவாகச் சூடேற்றிக் கரைத்தும் இதைப் பெறலாம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்யப் பயன்படும் வெள்ளீயமே இதற்கும் ஏற்றது. உலோகங்களைப் பற்றவைக்கப் பயன்படும், காரீயம் கலந்த பற்றாசுக் கம்பியைத் தவிர்ப்பது நல்லது. கரைசலை அடர்நிறப் புட்டியில் ஊற்றி, ஒரு சிறு துண்டு வெள்ளீயத்தையும் உள்ளே போட்டு மூடிவைத்தால் அது நெடுநாள் கெடாமல் இருக்கும். ஏனெனில் காற்றிலுள்ள ஆக்சிஜன் இக்கரைசலை இடைவிடாமல் செயலிழக்கச் செய்துகொண்டே இருக்கிறது. உள்ளே கிடக்கும் வெள்ளீயம் அதை மீண்டும் மீண்டும் உயிர்ப்பிக்கிறது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது அடுத்துச் சொல்லப்போகும் செய்தியைத்தான். செயலிழந்த சோதனைக் கரைசல், செயலிழந்ததாகத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. சில நேரங்களில் அது கலங்கி வெண்மையாகும். அமிலம் போதுமான அளவு இருந்தால் கலங்காமல் தெளிவாகவே இருக்கும். அதைப் பொன் நீரின்மேல் இட்டால் எந்த நிறமும் வராது. பட்டறைக்காரரும் பொன் முழுவதும் இறங்கிவிட்டது, அதாவது நீரிலிருந்து பிரிந்து திடப்பொருளாக அடியில் படிந்துவிட்டது, என்று நம்பி நீரைக் கொட்டிவிடுவார். சோதனையே செய்யாதவர் ஐயத்தினாலாவது நீரைச் சிறிது காலம் எடுத்துவைப்பார். கெட்டுப்போன கரைசலைக் கொண்டு சோதித்தவரோ முழு நம்பிக்கையோடு கொட்டுகிறார். ஆகவே சோதனைக் கரைசலையே சோதித்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். அதற்கு, பொன் இருப்பது உறுதியாகத் தெரிந்த நீர் ஒரு புட்டியில் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். 100 மில்லி சுத்தப் பொன்னைக் கரைத்து, எஞ்சிய நைட்ரிக் அமிலத்தை நீக்கி, 100 மில்லிலிட்டர் நீராக்கினால், லிட்டருக்கு ஒரு கிராம் பொன் கொண்ட அளவுநீர் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் முதலில் அதில் ஒரு துளியைச் சோதித்து, ஊதா வருகிறதா என்று பார்த்த பின்னரே பட்டறை நீரைச் சோதிக்க வேண்டும். அந்த அளவுநீரைப் பத்து மடங்கும் நூறு மடங்கும் நீர்த்து வைத்துக்கொண்டால், எந்த அளவு பொன்னுக்கு எவ்வளவு ஊதா என்பது கண்ணுக்குப் பழகிவிடும். துல்லியமான கணக்குக்கு அணு உறிஞ்சல் கருவி உள்ள ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். கொட்டலாமா கூடாதா என்று முடிவு செய்ய இந்தக் கண்பழக்கம் போதுமானது.

கரைசல் நல்ல நிலையில் இருந்தும் சோதனை பொய்க்கும் நேரங்கள் உண்டு. அவற்றுள் முதன்மையானது, நீரில் நைட்ரிக் அமிலம் மிகுதியாக எஞ்சியிருக்கும் நிலை. இராஜ திராவகம் என்பது மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்தது என்று படித்தவர்கள், தேவையைப் பார்க்காமல் அந்த விகிதத்திலேயே கலந்து ஊற்றிவிடுகிறார்கள். எஞ்சிய நைட்ரிக் அமிலமும் அதிலிருந்து பிறக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஸ்டானஸ் குளோரைடைப் பொன் தொடுவதற்கு முன்பே தின்றுவிடுகின்றன. ஊதா ஒரு கணம் தோன்றி மறையலாம், தோன்றாமலேயும் போகலாம். நிறம் தோன்றி மறைந்தால் பொன் இல்லை என்று பொருள் கொள்ளாமல், சோதனைக் கரைசலை மேலும் சில துளிகள் இட்டுப் பார்க்க வேண்டும். இதே எஞ்சிய அமிலம், சோடியம் மெட்டா பைசல்பைட்டு என்ற உப்பைப் போட்டு இறக்கிய பொன்னை மீண்டும் கரைத்துவிடவும் செய்யும். பொன் ஏன் இறங்கவில்லை என்று மேலும் மேலும் அந்த உப்பைக் கொட்டி, அறை முழுவதையும் கந்தக வாயுவால் நிரப்பிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

நைட்ரிக் அமிலத்தை முறிக்க யூரியா போடும் வழக்கம் நம் பட்டறைகளில் வேரூன்றிவிட்டது. யூரியா, நீரில் கரைந்துள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை நீக்குமே தவிர, நைட்ரிக் அமிலத்தையே அழித்துவிடாது. சூடான நீரில் அதை அள்ளிப் போட்டால் நுரைத்துப் பொங்கி, பொன்னோடு சேர்ந்து வழிந்துவிடும். பொங்கி அடங்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. சல்பாமிக் அமிலம் இதைவிட நல்ல பலன் தரும். எல்லாவற்றிலும் மேலான முறை, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை முதலில் ஊற்றி, நைட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகத் தேவைக்கு மட்டும் சேர்ப்பதே. அப்படிச் செய்தால் முறிப்பதற்குப் பெரிதாக எதுவும் எஞ்சியிருக்காது.

கணினிப் பலகைகளிலிருந்தும் முலாம் பூசிய ஊசிகளிலிருந்தும் பொன் எடுப்பதாகச் சொல்லும் காணொளிகளைப் பார்த்து இளைஞர்கள் சிலர் வீட்டிலேயே இதில் இறங்குகிறார்கள். மின்னணுக் கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களே கையாள வேண்டும் என்பது 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 2022ஆம் ஆண்டு விதிகளின் நிலைப்பாடு; அதை மீறி வீட்டில் செய்வதை நான் ஆதரிக்கவில்லை. ஆயினும் அங்கே நிகழும் ஒரு வேதிவினை நம் பட்டறைகளுக்கும் பொருந்துவதால் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொன்னும் செம்பும் கலந்த உலோகத்தைப் போதாத அமிலத்தில் போட்டால், கரைந்த பொன் அப்படியே நீரில் நிற்பதில்லை. இன்னும் கரையாமல் கிடக்கும் செம்பின்மேல் மீண்டும் படிந்துவிடுகிறது. அந்த நீரைச் சோதித்தால் ஊதா வராது. சோதனை உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நீரில் பொன் இல்லை. பொன் அடியில் கிடக்கும் செம்புத் துண்டின்மேல் கரும்படிவாக இருக்கிறது. 'இதில் பொன்னே இல்லை' என்று அந்தத் துண்டுகளைத் தூக்கி எறிபவர் பொன்னையே எறிகிறார். பற்றாசில் வெள்ளீயம் மிகுந்த சரக்கில் சிக்கல் இன்னும் கூடுதல். நைட்ரிக் அமிலத்தில் வெள்ளீயம் வெண்கூழாகி வடிதாளை அடைத்துக்கொள்வதோடு, பொன்னையும் தன்னுள் பிடித்துவைத்துக்கொள்ளும். கரையாமல் அடியில் தங்கும் எதையும், அது இன்னதென்று அறியாமல் அப்புறப்படுத்தக் கூடாது. பொன்னில் கலப்படமாகச் சேர்க்கப்படும் இரிடியமும் ருத்தீனியமும் கூட இராஜ திராவகத்தில் கரையாமல் கரிய பொடியாகவே நிற்கும்.

பிளாட்டினமும் பல்லேடியமும் நம் பட்டறைகளுக்கு அரிதாகவே வருகின்றன. வெள்ளைப் பொன் நகையில் பல்லேடியம் இருக்கலாம். ஸ்டானஸ் குளோரைடு பிளாட்டினத்தோடு ஆரஞ்சு முதல் செந்நிறம் வரையிலும், பல்லேடியத்தோடு முதலில் மஞ்சளாகிப் பின்பு கரும்பச்சையாகியும் தோன்றும். பொன்னும் உடன் இருந்தால் ஊதா இவற்றை மறைத்துவிடும். பல்லேடியத்துக்கு ஐயமற்ற சாட்சி, டைமெத்தில்கிளையாக்சைம் கரைசல் அமில நீரில் தரும் மஞ்சள் வீழ்படிவு. பிளாட்டினத்துக்குப் பட்டறையில் ஏற்கெனவே இருக்கும் நவச்சாரமே (அம்மோனியம் குளோரைடு) சோதனைப் பொருள். அடர்ந்த நவச்சார நீர் பிளாட்டினத்தை மஞ்சள் உப்பாக இறக்கும். அந்த உப்பு காய்ந்து தூசியாக மூக்கில் ஏறினால் தீராத ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது என்பதால், அதை ஈரமாகவே கையாள வேண்டும்.

வெள்ளிக்கு வருவோம். சேலத்துக் கொலுசுத் தொழிலில் நைட்ரிக் அமிலத்தில் கரைந்த வெள்ளியைச் செம்புத் தகடு போட்டு இறக்குவது பழகிய முறை. ஒரு கிராம் செம்பு கரைந்தால் ஏறத்தாழ 3.4 கிராம் வெள்ளி இறங்கும். வெள்ளி முழுவதும் இறங்கிவிட்டதா என்பதை அறிய, மேலே தெளிந்த நீரில் சில துளிகளைத் தனியே எடுத்து, சுத்தமான உப்பு நீரைச் சேர்த்தால் போதும். தயிர்போல் வெண்மையாகத் திரண்டால் வெள்ளி இன்னும் இருக்கிறது. ஆனால் அந்தத் துளிகளை ஆழ்துளைக் கிணற்று நீரால் நீர்த்தாலோ, அந்நீரில் கழுவிய குடுவையைப் பயன்படுத்தினாலோ, அதிலுள்ள குளோரைடே வெள்ளியைச் சிறிது திரளச்செய்து நம்மைக் குழப்பிவிடும். வாலைவடிநீரைத் தவிர வேறெதுவும் இங்கே உதவாது. திரண்டது வெள்ளியா காரீயமா என்ற ஐயம் எழுந்தால் கொதிநீரில் போட்டுப் பார்க்கலாம். காரீயக் குளோரைடு கரைந்துவிடும், வெள்ளிக் குளோரைடு கரையாது, வெயிலில் வைத்தால் ஊதாவும் சாம்பலுமாகக் கருக்கும்.

வெள்ளிக் குளோரைடு அம்மோனியாவில் கரையும் என்பதையும் ஒரு சோதனையாகச் சொல்வார்கள். வீட்டுப் பட்டறைக்கு இச்சோதனை வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அம்மோனியாவில் கரைந்த வெள்ளியை மூடி வைத்தால், நாட்பட அதிலிருந்து தொட்டாலே வெடிக்கும் கரும்படிவு உண்டாகும். பொன் கரைந்த நீரில் அம்மோனியாவைச் சேர்த்தாலும் அவ்வாறே வெடிக்கும் பொருள் உண்டாகும். ஆய்வகத்தில் பயிற்சி பெற்றவர் ஒரு துளியில் செய்து உடனே அமிலத்தால் முறித்துவிடும் சோதனையை, குழந்தைகள் நடமாடும் வீட்டில் புட்டிக் கணக்கில் செய்யக் கூடாது.

இதைவிடவும் அஞ்ச வேண்டியது சயனைடு. நகைக்கு மெருகேற்றச் சயனைடு நீரைப் பயன்படுத்தும் பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. அந்நீரிலும் பொன் கரைந்திருக்கும் என்பது உண்மை. அதை அறிய வேண்டும் என்ற ஆவலில் யாரேனும் அதன்மேல் ஸ்டானஸ் குளோரைடை ஊற்றிவிடக் கூடாது என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதத் தொடங்கினேன் என்றாலும் மிகையாகாது. ஸ்டானஸ் குளோரைடு கரைசலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. சயனைடு நீரில் எந்த அமிலம் பட்டாலும் ஹைட்ரஜன் சயனைடு வாயு எழும். காற்றோட்டமில்லாத அறையில் அது சில நிமிடங்களில் ஆளைக் கொல்லும். அதன் மணத்தை எல்லோராலும் நுகர்ந்து அறியவும் முடியாது. சயனைடு நீரைச் சோதிக்கும் முறைகள் வேறு; அவை வீட்டுக்குரியவை அல்ல. சயனைடு புழங்கும் பாத்திரமும் அமிலம் புழங்கும் பாத்திரமும் ஒரே மேசையிலோ, ஒரே கழுவுதொட்டியிலோ, ஒரே சாக்கடை வாயிலிலோ சேரக் கூடாது. இரண்டையும் வைத்திருக்கும் பட்டறையில், எழுத்தறியாத உதவியாளுக்கும் புரியும்படி நிற வேறுபாடுள்ள கேன்களில் வைக்க வேண்டும். இது சட்டம் வந்து சொல்ல வேண்டிய செய்தியன்று. வீட்டுத் தலைவர் இன்றே செய்துவிடக் கூடியது.

நைட்ரிக் அமிலம் உலோகத்தைக் கரைக்கும்போது எழும் செம்பழுப்புப் புகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதை நுகர்ந்தவருக்கு உடனே இருமல் வந்து அடங்கிவிடும். அவரும் சரியாகிவிட்டது என்று படுத்துவிடுவார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். புகையை நிறைய நுகர்ந்துவிட்டவர், நலமாக இருப்பதாக உணர்ந்தாலும் மருத்துவமனைக்குச் சென்று கண்காணிப்பில் இருக்க வேண்டும். சன்னலைத் திறந்துவைப்பது போதாது. திறந்த மொட்டை மாடியில், காற்று நமக்குப் பின்னிருந்து வீசும் பக்கத்தில் நின்று செய்வதே குறைந்தபட்சப் பாதுகாப்பு. வாடகை வீட்டின் சமையலறையில் செய்வதை எக்காரணம் கொண்டும் ஏற்க முடியாது.

உரைகல்லில் தேய்த்த கோட்டின்மேல் இடும் சோதனை அமிலங்களும் சோதனைக் கரைசல்களே. 18 காரட், 22 காரட் என்று பெயரிட்டு விற்கப்படும் அப்புட்டிகளும் திறந்து திறந்து மூடுவதால் வலுவிழக்கின்றன. வலுவிழந்த அமிலம் குறைந்த மாற்றையும் உயர்ந்ததாகக் காட்டும். அவற்றுக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே வைத்திருக்கும் மாற்று தெரிந்த பொன் ஊசியான உரையாணியின் கோட்டைப் பக்கத்தில் இட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை. நம் முன்னோர் உரையாணி இல்லாமல் உரைத்ததில்லை. அதே ஒழுங்கைத்தான் நீருக்கும் கடைப்பிடிக்கச் சொல்கிறேன். வெள்ளியைச் செந்நிறமாகக் காட்டும் டைகுரோமேட்டுக் கரைசல் புற்றுநோயை உண்டாக்கும் குரோமிய உப்பைக் கொண்டது என்பதையும், வெறுங்கையால் அதைத் தொட்டுவிட்டு வேட்டியில் துடைத்துக்கொள்ளும் வழக்கம் நிற்க வேண்டும் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பொன் முழுவதும் இறங்கியது, சோதனையும் அதை உறுதி செய்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்நீர் கொட்டத்தக்கதாகிவிடுவதில்லை. அதில் செம்பும் துத்தநாகமும் நிக்கலும் இருக்கும். காட்மியம் கலந்து பற்றவைத்த பழைய கே.டி.எம். நகைகளைக் கரைத்திருந்தால் காட்மியமும் இருக்கும். கோவையில் அது நொய்யலையும் சேலத்தில் திருமணிமுத்தாற்றையும் நோக்கித்தான் ஓடுகிறது. அந்நீரைப் பெரிய பிளாஸ்டிக் கலத்தில் சேர்த்துவைத்து, உள்ளே செம்புத் தகட்டைத் தொங்கவிட்டால், சோதனைக்கும் எட்டாத அளவில் எஞ்சிய பொன், வெள்ளி, பல்லேடியம் எல்லாம் செம்பின்மேல் படியும். சோதனைக்குப் பயன்படுத்திய பஞ்சுக் குச்சிகளையும் வடிதாள்களையும் எறியாமல் உலர்த்திச் சேர்த்துவைத்தால் அவற்றிலிருந்தும் ஆண்டுக்கு ஒரு முறை ஏதேனும் கிடைக்கும். செம்புத் தகட்டை எடுத்த பிறகு அந்நீரில் இரும்புத் துண்டுகளைப் போட்டால் கரைந்துள்ள செம்பு இறங்கும். இறுதியில் நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்து, பி.எச். தாளில் 9 முதல் 10 வரை காட்டும்படி செய்து தெளியவைத்தால், மற்ற உலோகங்களில் பெரும்பகுதி சேறாக அடியில் தங்கும். அந்தச் சேறு தீங்கான கழிவு. அதைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.

இந்த இறுதிக் கட்டத்தில்தான் தனி ஒரு குடும்பத்தின் ஆற்றல் முடிந்துபோகிறது. திருப்பூரின் சாயத் தொழிலுக்கும் வேலூர், இராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் தொழிலுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. அவற்றின் குறைநிறைகள் எவையாயினும், கழிவு ஓரிடத்துக்கு வந்து சேர வேண்டும் என்ற எண்ணமாவது அங்கே நிலைபெற்றது. வீட்டுப் பட்டறையிலிருந்து மாதம் பத்து லிட்டரோ இருபது லிட்டரோ வெளியேறும் அமில நீரையும் சேற்றையும் கேனில் வாங்கி, கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற தீங்கான கழிவு மேலாண்மை நிலையத்துக்குக் கொண்டு சேர்க்க ஒரு வண்டி வேண்டும். மாவட்டத்துக்கு ஒன்று, மாதத்துக்கு இரண்டு நாள் வந்தாலும் போதும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முதலில் தண்டனையோடு வராமல் இந்த வண்டியோடு வந்தால், தொழிலாளர்கள் ஒளிக்க மாட்டார்கள் என்பது நான் அவர்களிடையே வாழ்ந்து அறிந்த உண்மை.

சோதனைக் கரைசல்களைப் பொறுத்தவரை, நகைத் தொழிலாளர் சங்கங்கள் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கிராம் பொன்னை முறைப்படி கரைத்து ஒரு லிட்டராக்கினால், தலா 10 மில்லிலிட்டர் கொண்ட 100 புட்டி அளவுநீர் கிடைக்கும்; ஒரு புட்டியில் உள்ள பொன் 10 மில்லிதான். அதோடு புதிதாகத் தயாரித்த ஸ்டானஸ் குளோரைடு ஒரு புட்டியையும், தயாரித்த தேதியைப் பெரிய எழுத்தில் ஒட்டி, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உறுப்பினர்களுக்குக் கொடுத்துப் பழைய புட்டியைத் திரும்பப் பெறலாம். அருகிலுள்ள அரசுக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் உள்ள வேதியியல் ஆய்வகங்கள் இதைத் தயாரித்துத் தரவும், ஞாயிற்றுக்கிழமைகளில் அரை நாள் பயிற்சி நடத்தவும் இயலும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் ஊதியமின்றி வந்து கற்பிக்க முன்வருவார்கள். முதல் ஆளாக நான் வருகிறேன். பொற்கொல்லர் நல வாரியம் தன் உறுப்பினர்களுக்கு அளிக்கும் உதவிகளோடு, கையுறை, கண்ணாடி, அமிலப் புகையைத் தடுக்கும் வடிகட்டியுள்ள முகக்கவசம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். துணி முகக்கவசம் அமிலப் புகையைத் தடுக்காது என்பதையும் அப்போதே சொல்லித் தர வேண்டும்.

தங்கள் நாளிதழ் கோவை, சேலம் பதிப்புகளிலேனும் இக்கடிதத்தை வெளியிட்டு, மேற்சொன்ன வண்டி ஏற்பாட்டைப் பற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர்களிடமும், அளவுநீர் வழங்குவது பற்றித் தொழிலாளர் சங்கப் பொறுப்பாளர்களிடமும் கருத்துக் கேட்டு எழுதினால் பெரும் உதவியாக இருக்கும். சயனைடு நீரில் சோதனைக் கரைசலை இடக் கூடாது என்ற பகுதியை, இடப்பற்றாக்குறையால் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தாலும், விடாமல் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கோயம்புத்தூர்.